கத்தியின் பதம்

கத்தியைத் தீட்டுவது என்றால் அதற்கு எதையோ கொடுப்பது என்றுதான் நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். கூர் ஏற்றுவது என்று ஒரு வழக்கே இருக்கிறது. உண்மையில் அங்கே ஏறுவது ஒன்றுமில்லை. கல் எஃகைத் தின்கிறது. தின்றது போக எஞ்சி நிற்கும் மெல்லிய ஓரத்துக்குத்தான் கூர்மை என்று பெயர். புத்தியைத் தீட்டுவது, பேனாவைத் தீட்டுவது என்றெல்லாம் தாராளமாக உவமை பேசுகிறவர்கள் இந்தச் செலவுக் கணக்கைச் சொல்வதே இல்லை. ஒவ்வொரு தடவையும் கத்தி கொஞ்சம் குறைகிறது. முப்பது நாற்பது வருஷம் தொழிலில் இருந்த ஒரு சவரக் கத்தியைப் பார்த்தால் தெரியும். அகலம் தேய்ந்து ஓலை நறுக்கு மாதிரி ஆகியிருக்கும்.

நான் சவரக் கத்தி தீட்டப் பழகிக்கொண்டேன் என்று சொன்னால் நண்பர்கள் முதலில் சிரிக்கிறார்கள். பிறகு தங்களை அறியாமல் கழுத்தைத் தடவிக்கொள்கிறார்கள். ரயில்வேயில் உத்தியோகம் பார்த்த என் தாய்மாமன் காலமான பிறகு அவருடைய தகரப் பெட்டியிலிருந்து என்னிடம் வந்து சேர்ந்தது அந்தக் கத்தி. ஜெர்மனியில் ஸோலிங்கன் என்ற ஊரில் செய்த மடக்குக் கத்தி. அதை அலமாரியில் படுக்கவைத்துவிட்டு நான் பாட்டுக்குப் பிளேடு மாற்றிச் சவரம் செய்துகொண்டிருப்பது ஏனோ எனக்கு ஒப்பவில்லை. இதற்கு மேல் காரணம் கேட்டால் என்னிடம் இல்லை. மனிதன் செய்கிற காரியங்களில் முக்கால்வாசிக்குக் காரணம் பிற்பாடுதான் கிடைக்கிறது.

காரியம் பார்வைக்கு மிகவும் எளிது. சவரக் கத்தியின் முதுகு தடித்திருக்கும், வாய் மெலிந்திருக்கும். இரண்டும் ஒருசேரக் கல்லில் படும்படி கத்தியைப் படுக்கவைத்து, வாய் முன்னே போகும்படி தள்ள வேண்டும். கல்லின் கோடி வந்ததும் கத்தியை முதுகின் மேல் புரட்டி, மறு பக்கத்தைப் படுக்கவைத்துத் திரும்பி வர வேண்டும். எந்தக் கோணத்தில் பிடிப்பது என்ற கவலையே கிடையாது. முதுகின் தடிமனே அந்தக் கோணத்தை நிச்சயித்துவிடுகிறது. இரு பக்கமும் சேர்ந்து சுமார் 16, 17 டிகிரி. அரிவாள்மணையும் அருவாளும் தீட்டுகிறவனுக்கு இந்தச் சலுகை இல்லை. அவன் கைதான் கோணம். சவரக் கத்தியைக் கண்டுபிடித்தவர்கள் மனிதக் கையை அவ்வளவாக நம்பவில்லை போலிருக்கிறது. சரியான கோணத்தைக் கத்தியின் முதுகிலேயே வைத்து அனுப்பிவிட்டார்கள்.

கற்களில் பல தரம். எண் ஏற ஏறத் துகள் நுண்ணியதாகும். 1000 எண் கல்லில் துகள் சுமார் 15 மைக்ரான்; 8000 எண் கல்லில் ஒன்றிரண்டு மைக்ரான்தான். நம் தலைமயிர் ஒன்றின் தடிமன் 50 முதல் 100 மைக்ரான் என்பதை நினைத்துக்கொண்டால் எந்த உலகத்தில் வேலை நடக்கிறதென்று புரியும். இவையெல்லாம் தொழிற்சாலையில் செய்த கற்கள். மலையில் வெட்டி எடுத்த கற்களுக்கு என்று ஒரு தனிப் பரம்பரை உண்டு. பெல்ஜியத்தில் ஆர்டென் மலைப் பகுதியில் கிடைக்கும் கோட்டிகூல் என்ற வெண்மஞ்சள் கல்லில் மாணிக்க இனத்தைச் சேர்ந்ததுபோல் சிவந்து தோன்றும் கார்னெட் மணிகள் கண்ணுக்குத் தெரியாத பொடியாகக் கலந்திருக்கின்றன. எஃகைத் தேய்ப்பவை அவைதாம். ஜப்பானில் கியோட்டோவைச் சுற்றியுள்ள மலைகளில் வெட்டிய கற்களுக்கு இன்றைக்கும் ஆசைப்பட்டு விலை கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

எஃகைப் பற்றி நாமும் கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்ளலாம். தென்னிந்திய உருக்கை 'வூட்ஸ்' என்ற பெயரில் லண்டனுக்குக் கொண்டுபோய், 1795-ல் ராயல் சொஸைட்டியில் அதைப்பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை படித்தார்கள். பின்னால் மின்சாரத்துக்காகப் புகழ்பெற்ற மைக்கேல் ஃபாரடே, கத்தி செய்பவரான ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து நம் எஃகின் ரகசியத்தைத் துருவித் துருவிப் பார்த்து, 1820-ல் எஃகுக் கலவைகளைப் பற்றி எழுதினார். ஆனால் நம் ஊர் நாவிதர் கையில் கடைசியில் இருந்தது ஷெபீல்டிலும் ஸோலிங்கனிலும் செய்த கத்தி. பெருமைக்கு இவ்வளவுதான் ஆயுள்.

தீட்டுவதில் இரண்டு விதமான தவறுக்கு இடம் இருக்கிறது. இரண்டையும் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கத்தியை விட்டுவிட்டாலும் இவை நம்மை விடுவதில்லை.

முதலாவது, அவசரம். கத்தியின் இரு பக்கச் சரிவுகளும் வாயின் முழு நீளத்திலும் ஒரே கோட்டில் சந்தித்தாக வேண்டும். அந்தச் சந்திப்பை உண்டாக்குவது முரட்டுக் கல்லின் வேலை. அழுக்கு வேலை, நீர் கறுத்துக் கறுத்து ஓடும், கத்தியைப் பார்த்தாலும் கீறலாக அசிங்கமாக இருக்கும். அதை முடிக்காமலே நுண்ணிய கல்லுக்குத் தாவிவிட்டால் என்ன ஆகும்? சரிவுகள் கண்ணாடிபோல் பளபளக்கும். முகம் பார்க்கலாம். ஆனால் ஓரம் ஓரமாகவே ஆகியிருக்காது. அந்தக் கத்தியை நாள் முழுவதும் 8000 எண் கல்லில் தேய்த்தாலும் அது மழிக்காது. இன்னும் அதிகமாகப் பளபளக்கும், அவ்வளவுதான். இப்படிப்பட்ட கத்திகளை நான் சபைகளில் சந்தித்திருக்கிறேன். பேச்சு மெருகு, பழக்கவழக்கத்தில் மெருகு, கடிதம் எழுதினால் அதில் மெருகு. ஒரு கஷ்ட காலத்தில் போய் நின்றால் ஒன்றையும் அறுக்காது.

இரண்டாவது, நிறுத்தத் தெரியாமை. இது முதலாவதைவிட விசேஷமானது, ஏனென்றால் நல்லவர்களுக்கு வருவது. ஓரம் அமைந்துவிட்ட பிறகும் 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்' என்று தேய்த்துக்கொண்டே போனால், தன்னைத் தாங்க முடியாத அளவுக்கு அது மெலிந்து, ஒரு பிசிறாகத் தொங்கும். கையில் தொட்டுப் பார்க்கும்போது அபாரமான கூர்மை தெரியும். முகத்தில் வைத்த மாத்திரத்தில் அந்தப் பிசிறு ஒடிந்து போகும். போன இடம் ரம்பம். பிறகு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். ஆசாரத்தில், நேர்மையில், தியாகத்தில்கூட இப்படித் தீட்டிக்கொண்டே போனவர்களை நாம் அறிவோம். அவர்களுடைய மனைவிமார்கள் இன்னும் நன்றாக அறிவார்கள்.

அப்படியானால் போதும் என்பது எங்கே இருக்கிறது? ஓரம் கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரிவது மழுங்கிய ஓரம்தான். நல்ல ஓரம் வெளிச்சத்தைத் திருப்பித் தருவதில்லை. இந்தக் கேள்வியோடுதான் நான் எங்கள் தெருக்கோடி சலூனுக்குப் போனேன்.

கடை இப்போது மகன் பொறுப்பில் இருக்கிறது. பெரியவருக்கு எழுபத்தைந்து வயதுக்கு மேலிருக்கும். காலையில் வந்து பெஞ்சில் உட்கார்ந்து பத்திரிகை படிப்பார். பழைய வாடிக்கைக்காரர் யாராவது வந்தால் மட்டும் எழுந்திருப்பார். கத்தியைக் காட்டியதும் அவர் முகத்தில் பெரிய மகிழ்ச்சி ஒன்றும் தோன்றவில்லை. பழைய கடன்காரனைத் தெருவில் பார்த்தவர்போல் ஒரு விநாடி இருந்துவிட்டு, "கல்லு வெச்சிருக்கீங்களா சார்?" என்றார். ஜப்பான் கல், பெல்ஜியம் கல் எல்லாவற்றையும் சொன்னேன். "எங்கப்பா கிட்ட ஒரு கல்லுதான்" என்றார்.

போதும் என்பதை அவர்தான் எனக்குச் சொன்னார். தத்துவமாகச் சொல்லவில்லை. கத்தி முதலில் கல்லின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். வேலை ஆக ஆகக் கல்லைப் பிடிக்க ஆரம்பிக்கும். ஒட்டிக்கொண்டு வருகிறது போலத் தோன்றும். தண்ணீர் முன்னால் ஓடுவதை விட்டு வாயின் மேலேறி வரும். அப்போது நிறுத்திவிட வேண்டும். சந்தேகமாக இருந்தால் கட்டைவிரல் நகத்தை நனைத்து, அதன்மேல் கனமில்லாமல் இழுத்துப் பார்க்கலாம். வழுக்கினால் மழுங்கல், தடுக்கித் தடுக்கி வந்தால் பிசிறு, வெண்ணெயில் இறங்குவதுபோல் சீராகப் பிடித்தால் பதம். பிறகு தோல்வார். அதில் முதுகு முன்னே போக வேண்டும், கல்லில் செய்ததற்கு நேர்மாறாக. "அப்புறம் உள்ளங்கையிலே நாலு தடவை. அது சும்மா, பழக்கம்."

"தொங்குகிற மயிரை ஒரே தொடலில் துண்டாக்குகிறதா என்று பார்க்கிறார்களே?" என்று கேட்டேன்.

"நமக்கு வேலை மயிர்லயா சார்? தோல்லல்ல" என்றார் பெரியவர்.

இந்தப் பதிலை யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். என்னைப்போன்ற பொழுதுபோக்குக்காரர்கள் மயிரைப் பிளந்து பார்த்துச் சந்தோஷப்படுகிறோம். சோதனை நாம் வைப்பது, தேறுவதும் நாமே. அவருக்கு அப்படி இல்லை. நாற்காலியில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். கத்தி இழுத்தால் அவன் கண் சுருங்கும். கூர்மை போதுமா போதாதா என்று தீர்ப்புச் சொல்வது அந்தக் கண். அவருடைய 'போதும்' இன்னொருவன் முகத்தில் இருந்தது. என்னுடையது எங்கும் இல்லை. ஆகவேதான் அதைத் தேடிக்கொண்டு கல்லுக்குமேல் கல்லாக வாங்கிக்கொண்டிருந்தேன்.

சில நாள் கழித்து நான் கேட்ட இன்னொரு கேள்விக்கு வந்த பதில்தான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது. இவ்வளவு அருமையான கலையை மகனுக்குச் சொல்லிக் கொடுத்தீர்களா என்று கேட்டேன். "இல்லை" என்றார். ஏன் என்றேன்.

"எட்டு வயசுல எங்கப்பா அடைப்பத்தைத் தூக்கிக்கிட்டு அவர் பின்னாடியே போவேன் சார். எல்லா வீட்டுக்கும் கொல்லை வழியாத்தான். களத்துல நெல்லு அளக்கறப்ப எங்களுக்கு ஒரு பங்கு. எப்ப கூப்பிட்டாலும் போகணும். கத்தி தீட்ட எனக்கு நல்லாத் தெரியும். ஆனா தீட்டமாட்டேன்னு சொல்லத் தெரியாது. சொல்ல முடியாது." கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, "கடை வெச்சதுக்கப்புறமும் ராத்திரி மூடிட்டு நாலு கத்தி தீட்டிட்டுத்தான் சாப்பாடு. பிளேடு போடற கத்தி வந்துச்சு பாருங்க, அன்னிக்கு ராத்திரி நல்லாத் தூங்கினேன்" என்றார்.

பிளேடு வந்த கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். அமெரிக்காவில் ஜில்லெட் என்பவர் 1903-ல் விற்பனையைத் தொடங்கியபோது அந்த ஆண்டு முழுவதும் போனவை 51 ரேஸர்களும் 168 பிளேடுகளும். முதல் மகாயுத்தத்தில் அமெரிக்க ராணுவமே அதைச் சிப்பாய்களுக்கு வழங்கியது. யுத்தம் முடிந்து வீடு திரும்பியவர்கள் பிறகு கத்தியைத் தொடவில்லை. ஆனால் நம் ஊர் சலூன்களில் மடக்குக் கத்தி இன்னும் வெகுகாலம் இருந்தது. 1986-ல் இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலாகச் சென்னையில் கண்டறியப்பட்டது. அதற்குப் பின் வந்த பயத்தில்தான் ஆளுக்கொரு புது பிளேடு என்பது நிலைத்தது. பிளேடைப் பாதியாக ஒடித்துப் பிடியில் செருகுகிறார்கள்; காரியம் முடிந்ததும் எறிந்துவிடுகிறார்கள். கல்லும் இல்லை, தோல்வாரும் இல்லை. சுகாதாரத்துக்கு இது நல்லது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது. அந்தப் பிளேடும் வெகுநாள் தாங்குவதில்லை என்பது வேறு விஷயம். எஃகைவிடச் சுமார் ஐம்பது மடங்கு மிருதுவான மயிர் எஃகை எப்படிச் சிதைக்கிறது என்று அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் 2020-ல் நுண்ணோக்கி வைத்துப் பார்த்தார்கள். ஓரம் தேய்ந்து மழுங்குகிறது என்று நினைத்திருந்தது சரியல்ல. மயிர் வளைந்து பக்கவாட்டில் அழுத்தும்போது, எஃகு ஒரே சீராக இல்லாத இடங்களில் சில்லுச் சில்லாகத் தெறிக்கிறதாம்.

என் கேள்விக்கு வருகிறேன். ஒரு திறமை உலகத்திலிருந்து மறைகிறது. அதை வைத்திருந்தவர் நிம்மதியாகத் தூங்குகிறார். அது இல்லாதவன் 'ஐயோ, போகிறதே' என்று புலம்பிக்கொண்டு, கல் வாங்கிவந்து கற்றுக்கொள்கிறான். இருவரில் யார் சரி?

கைத்தொழில்கள் அழிவதைப் பற்றி உருக்கமாக எழுதுவது எங்கள் வர்க்கத்துக்கு ரொம்பப் பிடித்த காரியம். நெசவு போயிற்று, மண்பாண்டம் போயிற்று, ஏற்றம் போயிற்று என்று எழுதுகிறோம். ஏற்றம் இறைத்தவன் எழுதியதாக நான் பார்க்கவில்லை. புலம்புகிறவர் யார் என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. கத்தி தீட்டும்போது எனக்கு மன அமைதி கிடைக்கிறது, வாஸ்தவம். அந்த அமைதியில் பாதி கல்லிலிருந்து வருகிறது. மற்றப் பாதி, நாளைக்குத் தீட்டாவிட்டாலும் என் வீட்டில் உலை கொதிக்கும் என்பதிலிருந்து வருகிறது. இந்தப் பாதியை மறைத்துவிட்டு, உழைப்பே தியானம் என்று அவரிடம் போய்ச் சொன்னால் அவர் சிரிப்பார். மரியாதை தெரிந்தவர், என் எதிரில் சிரிக்கமாட்டார்.

நாவிதருக்குத் தமிழில் மருத்துவர் என்று ஒரு பெயர் உண்டு. கட்டி அறுப்பதும் காயத்துக்கு மருந்து வைப்பதும் அவர் கைவேலைதான். அவர் வீட்டுப் பெண்கள் ஊருக்கெல்லாம் பிரசவம் பார்த்தார்கள். இங்கிலாந்திலும் 1540-ல் எட்டாம் ஹென்றி நாவிதர்களையும் ரண வைத்தியர்களையும் ஒரே சங்கமாகச் சேர்த்து வைத்தான், 1745-ல் பிரிந்தார்கள். பிரிந்த பிறகு ஒரு பிள்ளைக்கு 'சர்ஜன்' என்ற பட்டம். மற்றப் பிள்ளைக்குச் சீப்பும் சோப்பும். நம்மிடம் பிரிவினைகூட ஒழுங்காக நடக்கவில்லை. குழந்தை பிறக்க அந்த வீட்டுக் கை வேண்டும், மாப்பிள்ளைக்கு முகம் வழிக்க அந்தக் கை வேண்டும்; வழித்துக்கொண்டு எழுந்தவுடன் தீட்டுக் கழியக் குளிக்கவும் வேண்டும். என் தாத்தா கொல்லையில் உட்கார்ந்து கழுத்தை நீட்டுவார். நீட்டிய கழுத்தில் பயம் இருக்காது. அந்தக் கத்தியை அவ்வளவு நம்பினார். நம்பிய மனிதனைத்தான் ரேழிக்குள் விடவில்லை. தீட்டு என்ற சொல்லுக்கு நம் பாஷையில் இந்த இரண்டு அர்த்தமும் இருப்பது எனக்கு எப்போதுமே கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது.

காந்தி தம் சுயசரிதையில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். பிரிட்டோரியாவில் ஓர் ஆங்கிலேய நாவிதன் அவருக்கு முடிவெட்ட மறுத்துவிட்டான். அவர் கத்தரிக்கும் கருவியை வாங்கிவந்து கண்ணாடி முன் நின்று தாமே வெட்டிக்கொண்டார். முன்பக்கம் ஒருமாதிரி வந்தது, பின்பக்கம் பாழாயிற்று. கோர்ட்டில் நண்பர்கள் சிரித்தார்கள். இவ்வளவோடு நின்றிருந்தால் அது வெறும் வைராக்கியக் கதை. அந்த நாவிதன்மேல் குற்றம் இல்லை, கறுப்பர்களுக்கு வெட்டினால் அவன் வாடிக்கை போய்விடும், நம் ஊரில் தீண்டாதார் என்று ஒதுக்கியவர்களுக்கு நம் நாவிதர்களை வேலை செய்ய விடுகிறோமா என்று அவர் திருப்பிக் கேட்டுக்கொள்கிறார். அந்தக் கேள்விக்கு இன்றைக்கும் சில ஊர்களிலிருந்து வெட்கப்படத்தக்க பதில் செய்தியாக வந்துகொண்டிருக்கிறது. பிற்பாடு 1908-ல் தென்னாப்பிரிக்கச் சிறையில் அவர் உடனிருந்த கைதிகளுக்கு முடி வெட்டிவிட்டார். இந்த இரண்டாவது காரியம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. தனக்குத் தானே செய்துகொள்வதால் ஒருவருக்கும் கடன்படாமல் இருக்கலாம். அடுத்தவன் தலையைத் தொடுவதற்கு வேறு ஏதோ வேண்டியிருக்கிறது.

ஆனால் பெரியவரின் நிம்மதியோடு வழக்கு முடிந்துவிட்டது என்று சொல்லவும் எனக்குத் தயக்கமாக இருக்கிறது. அதற்குக் காரணம் அவருடைய பேரன். பி.பார்ம். படிக்கிறவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்தவன், பெஞ்சின்மேல் விரித்துவைத்திருந்த என் கல்லையும் கத்தியையும் பார்த்துவிட்டு, விளையாட்டாக எடுத்து இரண்டு தள்ளுத் தள்ளினான். கோடிக்கு வந்ததும் வாயின் மேல் புரட்டினான்.

"முதுகு மேல திருப்புடா!" என்று பெரியவர் போட்ட சத்தத்தில் நாற்காலியில் நுரையோடு உட்கார்ந்திருந்தவர் திடுக்கிட்டார். பெரியவர் எழுந்து வந்து பேரன் கையைத் தம் கைக்குள் பிடித்துக்கொண்டார். "அழுத்தாதே. அதோட கனமே போதும். சத்தத்தைக் கேளு." இருவரும் பத்து நிமிஷம் அப்படியே நின்றார்கள். மகன் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டுத் தந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா, இத்தனை வருஷம் எனக்கு ஏன் சொல்லித்தரவில்லை என்ற கேள்வி இருந்ததா, என்னால் ஊகிக்க முடியவில்லை. சொல்லிக்கொடுக்கமாட்டேன் என்று நாற்பது வருஷமாகப் பிடித்து வைத்திருந்த மனிதர், ஒரு நல்ல ஓரம் கெடப்போகிறது என்றதும் பொறுக்கமுடியாமல் எழுந்து வந்துவிட்டார். கொல்லை வழியாக அழைத்தவர்களுக்குச் சொந்தமல்லாத ஏதோ ஒன்று அந்தக் கைக்குள் இருந்திருக்கிறது. அதை அவர் யாருக்காகவும் காப்பாற்றி வைத்திருக்கவில்லை. அது தானாக இருந்தது.

சென்ற மாதம் ஒரு நாள் கடையில் கூட்டமில்லை. மகன் சாமான் வாங்கப் போயிருந்தான். காலையில் தீட்டிக் கொதிநீரில் கழுவி எடுத்துக்கொண்டு போயிருந்த கத்தியைக் காட்டி, "உட்காருங்கள் பெரியவரே, இன்றைக்கு நான் உங்களுக்கு முகம் வழித்துவிடுகிறேன்" என்றேன்.

அவர் கத்தியை வாங்கி நகத்தை நனைத்து இழுத்துப் பார்த்தார். "பதம் சரியா இருக்கு" என்றார். நாற்காலியை ஒரு தடவை பார்த்தார். கத்தியை மடக்கி என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"அது வேண்டாம் சார்."

"ஏன், கை நடுங்கும் என்று பயமா?"

"பயமெல்லாம் இல்லை" என்றார். காரணம் சொல்லவில்லை, நானும் மேலே கேட்கவில்லை. வாசலில் யாரோ செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். பெரியவர் ஒரு புது பிளேடைக் காகிதத்தோடு சேர்த்து ஒடித்து, பாதியைப் பிடியில் செருகிக்கொண்டு, நாற்காலித் துண்டை உதறினார்.